லோகோவை முதலில் கறுப்பில் வரையுங்கள்

சிறு தொழில் தொடங்குகிறவர்கள் தங்கள் லோகோவை முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் செல்போன் திரையில்தான். டிசைனர் அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறோம், நான்கு பேருக்கு ஃபார்வர்டு செய்கிறோம், "சூப்பரா இருக்கு" என்று பதில் வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த லோகோ உழைக்கப்போகிற இடங்கள் வேறு. பில் புத்தகத்தின் மூலை, ரப்பர் ஸ்டாம்ப், விசிட்டிங் கார்டு, பெட்டியில் ஒட்டும் லேபிள், யாரோ எடுத்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஒவ்வோர் இடத்துக்குப் போகும்போதும் அது எதையாவது இழக்கும். முதலில் நிறம் போகும், பிறகு நுணுக்கம் போகும். இத்தனையும் போன பிறகு எது மிஞ்சுகிறதோ, அதுதான் லோகோ. டிசைனரிடம் பேசும்போதும் அச்சகத்தில் நிற்கும்போதும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி விஷயங்கள் தாமாகவே புரியத் தொடங்கும்.

ஒரு கற்பனை லோகோவை எடுத்துக்கொள்வோம். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கானது. வட்டச் சக்கரம், அதற்குள் 24 கம்பிகள், நடுவில் பல் சக்கரம், மேலே நீலமாகத் தொடங்கிக் கீழே பச்சையாக முடியும் கிரேடியன்ட், ஒரு நிழல், கடைப் பெயர், அதற்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரு டேக்லைன். கம்ப்யூட்டரில் 10 செ.மீ. அகலத்தில் பார்த்தால் ஒவ்வொரு கம்பியும் 1 மி.மீ. தடிமனில் கச்சிதமாகத் தெரியும். அதையே விசிட்டிங் கார்டுக்காக 15 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கினால் கம்பி 0.15 மி.மீ. ஆகிவிடுகிறது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்தால் எப்படியோ தப்பிக்கும். நிறப் பின்னணியில் வெள்ளைக் கோடாக விட்டால் தப்பிக்காது. சுற்றியிருக்கும் மை தாளில் கொஞ்சம் பரவும், அந்தக் கோட்டை விழுங்கிவிடும். கம்பிகள் நடுவில் நெருங்குகிற இடம் எப்படியும் ஒரே திட்டுதான். டேக்லைனைப் படிக்க லென்ஸ் வேண்டும்.

இப்போது வெட்டத் தொடங்கலாம். 24 கம்பிகளை ஆறாக்கித் தடிமனைக் கூட்டுகிறோம். பல் சக்கரத்தை எடுத்துவிடுகிறோம். கிரேடியன்ட் இல்லை, நிழல் இல்லை. டேக்லைனை லோகோவிலிருந்து பிரித்து, தேவைப்படும் இடத்தில் தனி வரியாகப் போட்டுக்கொள்கிறோம். பார்க்கிறவருக்கு இன்னும் சக்கரம் தெரிகிறது. 24 கம்பிகள் சொன்னதை ஆறு கம்பிகளே சொல்லிவிட்டன.

பெரிய நிறுவனங்களும் இந்த வழியில் வந்தவைதான். ஆப்பிள் நிறுவனத்துக்கு 1976-ல் ரொனால்டு வெய்ன் வரைந்த முதல் லோகோ, மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருக்கும் கோட்டோவியம். நுணுக்கமான கோடுகளும் சுற்றிலும் எழுத்துகளும் கொண்டது. புத்தக அட்டைக்குப் பொருந்தும், ஒரு பொருளின் மேல் சின்னதாக ஒட்ட முடியாது. அடுத்த ஆண்டே ராப் ஜானோஃப் வரைந்த கடித்த ஆப்பிள் வந்துவிட்டது. அந்தக் கடி எதற்கு என்று பலர் பல கதைகள் சொல்வார்கள். சிறியதாக்கினால் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது என்று ஜானோஃப் சொல்லியிருக்கிறார். எனக்கு மற்ற கதைகளைவிட இது பிடித்திருக்கிறது. அளவைப் பற்றிய கவலையில் பிறந்த ஒரு கோடு, உலகப் புகழ் பெற்ற அடையாளமாகிவிட்டது.

டபிள்யூடபிள்யூஎஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பாண்டா இன்னும் பொருத்தமான உதாரணம். 1961-ல் அதைத் தேர்ந்தெடுத்தபோது, அழிவின் விளிம்பில் இருக்கும், மக்கள் மனதைத் தொடும் விலங்கு வேண்டும் என்று பார்த்தார்கள். கூடவே, கறுப்பு வெள்ளையில் எடுப்பாகத் தெரிய வேண்டும், அச்சுச் செலவு குறைய வேண்டும் என்றும் பார்த்தார்கள். சிக்கனம் வடிவத்தைக் கெடுக்கும் என்று நினைப்பவர்கள் அந்தப் பாண்டாவின் இன்றைய வடிவத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். முதுகுக்கும் தலைக்கும் முழு வெளிக்கோடே கிடையாது. கறுப்புத் திட்டுகள் இருக்கின்றன, மீதியைக் கண் பூர்த்தி செய்துகொள்கிறது.

ஆகவே டிசைனரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: நிறம் பிறகு, முதலில் கறுப்பில் காட்டுங்கள். வந்ததை சாதாரண பிரின்டரில் 1 செ.மீ. அகலத்தில் அடித்து, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தாளை ஒருமுறை ஜெராக்ஸும் எடுத்துப் பாருங்கள். இதில் தேறாத லோகோவுக்கு எந்த வண்ணமும் உதவாது.

சின்னம் வேண்டுமா, வெறும் பெயர் போதுமா என்ற கேள்வி எப்போதும் வரும். புதிய சிறு தொழிலுக்குப் பெயரே போதும் என்பது என் கட்சி. பெயரில்லாத சின்னத்தை மக்கள் அடையாளம் காணப் பல வருட விளம்பரம் தேவை. அழகான, கொஞ்சம் திருத்தப்பட்ட எழுத்தில் அமைந்த பெயர் முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். கோகோ கோலாவின் சுழித்த எழுத்தை 1886-ல் எழுதிக் கொடுத்தவர் அந்த நிறுவனத்தின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிராங்க் ராபின்சன். இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை.

வெக்டர் என்பது என்ன?

அச்சகத்துக்காரர் "ஓப்பன் ஃபைல் இருக்கா?" என்று கேட்கும்போது நாம் வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தை நீட்டுகிறோம். அவர் முகம் வாடுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஜேபெக், பிஎன்ஜி போன்றவை புள்ளிகளால் ஆன படங்கள். 600 புள்ளி அகலமுள்ள படத்தில் இருப்பது 600 புள்ளிகள்தான். இழுத்தால் புள்ளிகள் பெரிதாகுமே தவிர அதிகமாகாது. கையில் வைத்துப் படிக்கும் அச்சுப் பொருளுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 600 புள்ளிப் படம் 2 அங்குலத்துக்குச் சரியாக இருக்கும். அதையே ஏ4 தாளின் முழு அகலத்துக்கு, அதாவது 210 மி.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 72 புள்ளிகள்தான் தேறும். ஓரங்கள் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். அந்த அகலத்தை நிரப்ப ஏறக்குறைய 2480 புள்ளிகள் வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு இந்தக் கணக்கு தளரும். அங்குலத்துக்கு 100 புள்ளிகளே போதும், மிகப் பெரியதென்றால் அதைவிடக் குறைவும் போதும்.

அச்சகத்துக்காரர் கேட்ட ஓப்பன் ஃபைல் பெரும்பாலும் வெக்டர் ஃபைல்தான். அதில் புள்ளிகள் கிடையாது. இங்கிருந்து அங்கே, இவ்வளவு வளைந்து போ என்ற கணக்கு மட்டும் எழுதி வைத்திருக்கும். தபால் தலை அளவு கேட்டாலும் கட்டட உயரம் கேட்டாலும் கம்ப்யூட்டர் புதிதாகக் கணக்குப் போட்டு வரைந்து கொடுத்துவிடும். பெஸியே வளைவுகள் எனப்படும் இந்த முறை அச்சுத் தொழிலில் பிறக்கவில்லை. பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தின் பால் த காஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தின் பியர் பெஸியேவும் கார் உடலின் வளைவுகளை வரையத் தனித்தனியாகக் கண்டுபிடித்தது அது. இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் போன்ற வரையும் மென்பொருள்கள் எல்லாம் அதே கணக்கில்தான் ஓடுகின்றன.

இங்கே ஒரு தில்லுமுல்லு நடக்கும். ஜேபெக் படத்தைத் தூக்கி ஒரு பிடிஎஃப்புக்குள் போட்டு "வெக்டர் ஃபைல்" என்று கொடுத்துவிடுவார்கள். பெட்டி மாறினாலும் உள்ளே இருப்பது பழைய புள்ளிகள்தான். கண்டுபிடிப்பது சுலபம்: ஃபைலைத் திறந்து 1600 சதவீதம் பெரிதாக்குங்கள். ஓரம் கத்தி போல நின்றால் வெக்டர். கட்டம் கட்டமாக உடைந்தால் படம். ஏஐ கருவிகள் உருவாக்கித் தரும் லோகோக்களும் பெரும்பாலும் புள்ளிப் படங்களே. யோசனை எடுக்க அவற்றைப் பயன்படுத்தலாம், தவறில்லை. அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. யாராவது உட்கார்ந்து வெக்டரில் திரும்ப வரைய வேண்டும். தானாகவே வெக்டராக மாற்றும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது நேர்கோட்டைக்கூட நடுங்க நடுங்க வரைந்து தரும்.

நிறம் ஏன் மாறுகிறது?

அச்சகங்களில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம். திரை ஒளியை வீசுகிறது; சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுதாக எரியவிட்டால் வெள்ளை. தாள் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, மை அதில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜென்டா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்று மைகளையும் முழுதாகச் சேர்த்தால் கொள்கைப்படி கறுப்பு வர வேண்டும். நடைமுறையில் சேற்றுப் பழுப்புதான் வரும். அதனால் நான்காவதாகக் கறுப்பு மை. இதுதான் சிஎம்ஒய்கே. திரை காட்டும் பளீர்ப் பச்சை, மின்னும் ஆரஞ்சு, ஆழ்ந்த நீலம் போன்றவற்றை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. அச்சகத்தார் சோம்பேறித்தனம் செய்யவில்லை, மைக்கு அந்த எல்லைதான்.

நீலத்தில் ஒரு தனிச் சிக்கல். சயான் 100, மெஜென்டா 100 என்று வைத்தால் தாளில் ஊதா அடிக்கும். நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமென்றால் மெஜென்டாவை சயானைவிட ஒரு 30 சதவீதமாவது குறைத்து வைப்பது பழக்கம்.

ஏதாவதொரு வண்ண நோட்டீஸை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இளம்பச்சை என்று நாம் நினைத்த இடத்தில் இளம்பச்சை மையே இருக்காது. சயான் புள்ளிகள், மஞ்சள் புள்ளிகள், நடுவே வெள்ளைத் தாள். புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலை அலையாகத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு மையையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்த்திருப்பார்கள். வழக்கமாகக் கறுப்பு 45 டிகிரி, மெஜென்டா 75, சயான் 15, மஞ்சள் 0. இதைப் பார்த்த பிறகு மெல்லிய எழுத்தை ஏன் வெளிர் நிறத்தில் போடக் கூடாது என்று விளக்க வேண்டியிருக்காது. அந்த எழுத்தே புள்ளிகளால்தான் ஆகப்போகிறது. ஓரம் பிசிறடிக்கும்.

சின்ன எழுத்து எப்போதும் ஒரே மையில், முழு அழுத்தத்தில் இருக்க வேண்டும். நான்கு மைகளையும் நான்கு பிளேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாளில் பதிக்கின்றன. இடையில் தாள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும், பல மைகள் கலந்த கறுப்பு எழுத்தைச் சுற்றிச் சிவப்பு நிழலோ நீல நிழலோ விழும். பெரிய தலைப்பில் தெரியாது. 7 பாயின்ட் அளவுப் பொடி எழுத்தில் அடித்த முகவரியில் பளிச்சென்று தெரியும். இன்னொரு வினை: ஃபோட்டோஷாப்பில் திரைக்குரிய கறுப்பை அதன் ஆரம்ப அமைப்பிலேயே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற வரிசையில் 75, 68, 67, 90 என்று நான்கு மையும் கலந்த கறுப்பு வந்து நிற்கும். கூட்டினால் 300 சதவீத மை. உலரத் தாமதமாகும், அடுத்த தாளின் பின்பக்கம் ஒட்டும். எழுத்துக்கு 0, 0, 0, 100 தான் சரி. ஃபைல் அனுப்பும் முன் டிசைனரிடம் இதை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

எங்கே அடித்தாலும் அதே சிவப்பு வர வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்களுக்காகத்தான் பான்டோன் முறை. 1963-ல் லாரன்ஸ் ஹெர்பர்ட் கொண்டு வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய மையைத் தனியாகக் கலந்து அடிப்பார்கள். ஆனால் அதே மை, வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் ஒரு மாதிரியும் சாதாரண லெட்டர் ஹெட் தாளில் சற்று மங்கியும் தெரியும். நிற அட்டையே இதற்காக இரண்டு வகைத் தாளில் தனித்தனியாக வருகிறது. சிறு தொழிலுக்கு இந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. லோகோவின் நிறங்களுக்கு சிஎம்ஒய்கே எண்களையும் திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

வெட்டும் கத்தி

விசிட்டிங் கார்டை ஒவ்வொன்றாக வெட்டுவதில்லை. கட்டுக் கட்டாக அடுக்கி ஒரே கத்தி. ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகத்தான் செய்யும். பின்னணி நிறம் சரியாக ஓரத்தோடு முடிந்தால், அந்த ஒரு மில்லிமீட்டர் வெள்ளைக் கீற்றாகத் தெரியும். அதனால் நிறத்தை எல்லாப் பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டி வைக்கிறோம், இதுதான் பிளீடு. 85 × 55 மி.மீ. கார்டுக்கு ஃபைல் 91 × 61 மி.மீ. இருக்க வேண்டும். எழுத்தையும் லோகோவையும் உள்பக்கம் குறைந்தது 3 முதல் 5 மி.மீ. தள்ளி வையுங்கள்.

கார்டைச் சுற்றி மெல்லிய பார்டர் போடும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு கோடு. கத்தி 1 மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4. நேராக வெட்டிய கார்டும் கோணலாகத் தெரியும்.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏ வரிசைத் தாள்களில் எதைப் பாதியாக மடித்தாலும் அதே விகிதம் கிடைக்கும், அதனால் ஏ4-ல் வடிவமைத்த பில்லை 70.7 சதவீதத்துக்குச் சுருக்கினால் அப்படியே ஏ5-ல் உட்காரும். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. லெட்டர் ஹெட்டுக்கு 80 முதல் 100, நோட்டீஸுக்கு 130 முதல் 170, விசிட்டிங் கார்டுக்கு 300 முதல் 350. பேனாவால் எழுத வேண்டிய எதற்கும், ஸ்டாம்ப் வைக்க வேண்டிய எதற்கும் பளபள லேமினேஷன் வேண்டாம். மை வழுக்கிப் போகும்.

எழுத்தும் இடமும்

நோட்டீஸில் எல்லாவற்றையும் பெரிதாகப் போடச் சொல்வார்கள். எல்லாமே பெரிதானால் எதுவும் பெரிதில்லை. படிப்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதை மட்டும் பெரிதாக்குங்கள். பிறகு ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைப் பக்கத்தில் வையுங்கள்: போன் எண்ணும் மின்னஞ்சலும் ஓரிடம், முகவரி ஓரிடம். நடுவே காலி இடம் இருக்கட்டும். காலி இடத்தைப் பார்த்தால் நமக்குக் கை அரிக்கிறது, எதையாவது நிரப்பச் சொல்கிறது. அதை அடக்கிக்கொள்ளத் தெரிந்த வாடிக்கையாளரை டிசைனர்கள் மறக்கவே மாட்டார்கள்.

ஃபாண்ட் இரண்டுக்கு மேல் வேண்டாம். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொக்கியும் சுழியும் இருப்பதால் அதே பாயின்டில் ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் அதிக வரி இடைவெளி தேவைப்படும். ஒரு சுற்றுப் பெரிய எழுத்தும் நல்லது. அடோபி மென்பொருள்களில் யூனிகோடு தமிழைத் தட்டும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பை இயக்கினால் சரியாகிவிடும். ஃபைல் அச்சகத்துக்குப் போகும் முன் எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது வெறும் வெக்டர் வடிவங்களாக மாற்றிவிட வேண்டும், அந்த ஃபாண்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் வேறு எழுத்து வந்து குந்திக்கொள்ளும். மாற்றிய பிறகு திருத்த முடியாது என்பதால் மாற்றாத பிரதி ஒன்று பத்திரமாக இருக்கட்டும். ஃபாண்டுக்கு வணிகப் பயன்பாட்டு உரிமம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இலவசமாக டவுன்லோடு ஆவதெல்லாம் வணிகத்துக்கும் இலவசம் என்று அர்த்தமில்லை.

கியூஆர் கோடு இல்லாத கார்டே இப்போது அபூர்வம். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா தலைமையில் உருவான இதை, அதன் பிழை திருத்தும் திறனை உச்ச நிலையில் வைத்தால், சுமார் 30 சதவீதம் சேதமானாலும் கேமரா படித்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் நடுவில் லோகோவைச் சொருகுகிறார்கள். ஆனால் சுற்றிலும் நான்கு கட்டம் அளவுக்கு வெள்ளை இடம் விட்டாக வேண்டும். அதை மறந்து ஓரத்தோடு ஒட்டிவிட்டால் கேமரா தடுமாறும். உள்ளே வைக்கும் இணைய முகவரி சிறியதாக இருந்தால் கட்டங்கள் குறையும், சின்ன அளவிலும் படிக்கும். 2 செ.மீ.க்குக் கீழே போகாமல் இருப்பது பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் டிசைனரிடமிருந்து என்னென்ன வாங்க வேண்டும்? வெக்டரில் முதன்மை லோகோ, அதன் ஒற்றைக் கறுப்பு வடிவம், அடர் பின்னணிக்கான வெள்ளை வடிவம், திரைக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி, நிற எண்கள், ஃபாண்டின் பெயர். இதைக் கடைசியில் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். லோகோவின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பது புரூஃப். அச்சுக்கு முன் ஒரு தாள் அடித்துக் காட்டுவார்கள், பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் பெயரையும் முகவரியையும் நாமே சரிபார்த்தால் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும், அதனால் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். போன் எண்ணை நினைவிலிருந்து ஒப்பிட வேண்டாம். தாளில் இருப்பதைப் பார்த்து, இலக்கம் இலக்கமாக டயல் செய்து, மணி அடிக்கிறதா என்று பாருங்கள். கியூஆர் கோடையும் திரையில் ஸ்கேன் செய்யாமல் அந்தத் தாளிலேயே ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.